ஜெகதீஸ்வரி மறைத்த முழங்கை

என் கடையில் தைக்கிற ஜெகதீஸ்வரியைப் போல வாயைப் பூட்டி வைத்திருக்கும் ஒருத்தியைப் பாரிசில் வேறெங்கும் பார்க்க முடியாது என்று ஒரு காலத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். இப்போது அவள் வாயை மூட வைக்கத்தான் படாதபாடு படுகிறேன். கடைக்கு வருகிற ஒவ்வொருத்தியிடமும் தன் மகனுடைய முழங்கையின் கதையை முதலிலிருந்து சொல்கிறாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவள் கையைத் தூக்கியபடி நிற்பாள். இவள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஏன் சொல்கிறாள் என்பது தெரியும், அதனால் திட்டவும் வாய் வருவதில்லை.

நான் ஜெனவியேவ், பாண்டிச்சேரிக்காரி. ரூ பெர்தொனே என்கிற தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே என் தையல் கடை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்து ஆட்கள். என்னுடைய பிரெஞ்சு நன்றாக இருக்கும். அப்பா அடித்துச் சொல்லிக் கொடுத்த பிரெஞ்சு அது. அதனால் விசா கொடுக்கிற ப்ரெஃபெக்த்தூர் அலுவலகக் கடிதம், பள்ளிக்கூடத்துக் கடிதம் எல்லாம் ரவிக்கைத் துணியோடு சேர்ந்து என் மேசைக்கு வந்துவிடும். படித்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை. என் வாய்தான் கொஞ்சம் நீளம், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜெகதீஸ்வரிக்கு ஜன்னலோர மெஷின். ஒருநாள் ஊசி அவள் விரலுக்குள் இறங்கிவிட்டது. சத்தமே இல்லை. மெஷின் நின்றதைக் கேட்டுத்தான் நான் திரும்பினேன்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்டுமில்லை அக்கா."

"ரத்தம் சொட்டுது, ஒண்ணுமில்லைங்கிற!"

"துணியிலை படேல்லை."

இவ்வளவுதான் அவள் பேச்சு. ஆனால் பிறவியிலேயே அவள் இப்படி இல்லை. வாயைத் திறந்து சூடு பட்டவள்.

அவளுடைய மூத்த மகள் மிருணாளினிக்கு லெ பிளாங்-மெனிலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு வங்கியில் வேலை. சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. அவர்கள் முட்டு என்பார்கள். குளிர்காலத்தில் மருந்தை உறிஞ்சிக்கொண்டால் அடங்கிவிடும், பெரிய விஷயமில்லை. பையனின் அம்மா இந்தக் கடைக்கே வந்து ஜெகதீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்கள் உதுகளைப் பாக்கிற ஆக்கள் இல்லை. வருத்தம் ஆருக்குத்தான் இல்லை? உள்ளதை உள்ளபடி சொன்னாக் காணும்" என்று தேனாகப் பேசினாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று நம் ஆட்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்? ஜெகதீஸ்வரி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. முட்டு எப்போது தொடங்கியது, எந்த டாக்டர், என்ன மருந்து என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம் என்று பிறகு தகவல் வந்தது. அந்த வருடமே அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அதற்கான ரவிக்கைகளை, வெட்கம் கெட்டவர்கள், என் கடையிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். ஜெகதீஸ்வரி கேட்கவில்லை. அத்தனையையும் அவளே தைத்தாள். பெண்ணுக்கு முட்டு என்ற செய்தி எங்கள் லா ஷப்பேல் வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சம்பந்தமும் வரவில்லை. மிருணாளினி லியோனில் வேலை தேடிக்கொண்டு போனாள். பண்டிகைக்குக்கூட வீட்டுக்கு வருவதில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டு நோய்நொடி எதுவும் வாசலைத் தாண்டியதில்லை. தலைவலி என்றால்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் தைலம் தேய்ப்பாள்.

இளையவன் மதுஷன். பியர்ஃபித்-சூர்-செய்னில் பிறந்து வளர்ந்தவன், நெட்டையன். அம்மா தமிழில் கேட்பாள், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். இரண்டு பேரும் அப்படியே மணிக்கணக்கில் பேசிக்கொள்வார்கள், எனக்குத்தான் தலை சுற்றும். வெளியாள் பேசுகிற பிரெஞ்சு மட்டும் அவளுக்குப் பிடிபடாது. முதலில் தமிழ்ப் பையன்களோடு கிரிக்கெட் ஆடினான். பந்து வீசும்போது அவன் முழங்கை மடங்கி நிமிர்கிறது என்று ஒரு போட்டியில் நடுவர் நோ-பால் என்று கையை நீட்டிவிட்டார். எதிரணிக்காரர்கள் "எறியிறான், எறியிறான்!" என்று கூச்சல் போட்டார்கள். கிரிக்கெட்டில் பந்தை எறிவது திருட்டு மாதிரியாம். இனிமேல் நீ மட்டை மட்டும் பிடி என்று கழகத்தில் சொன்னதும், பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அவனோடு படித்த ஜெரமி என்கிற பையன்தான் பேஸ்பாலுக்கு இழுத்துப் போனான். அங்கே எறிவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. நடுவில் ஒரு மண்மேட்டில் நின்று, மட்டைக்காரன் தொட முடியாதபடி எறிவதுதான் அவன் வேலை. கிரிக்கெட்டில் எதைக் குற்றம் என்று துரத்தினார்களோ, அதைப் பார்க்க இங்கே ஆட்கள் வேலியோரம் கூடினார்கள். நான் ஜெகதீஸ்வரியைக் கிண்டல் செய்வேன். "பேஸ்பாலாம்! கிரிக்கெட்டுன்னா நாலு பேருக்குத் தெரியும். இதைப் பிரான்சுல எவன் பார்க்கிறான்?" அவள் சிரிக்க மாட்டாள். "அவன் சந்தோசமா இருக்கிறான் அக்கா" என்பாள்.

அப்போதுதான் யோன் வந்தார். அவர் பிரெஞ்சுக்காரர், அமெரிக்க அணி ஒன்றுக்காக இங்கே பையன்களைத் தேடிப் பார்க்கிற ஆள். அங்கே பெரிய அணிகளுக்குக் கீழே படிப்படியாகச் சின்ன அணிகள் இருக்கின்றனவாம். பையன்களை அதில் சேர்த்து, சோறு போட்டு, வளர்த்துப் பார்ப்பார்களாம். தேறுகிறவன் மேலே போவான், தேறாதவன் வீட்டுக்கு வருவான். எந்தப் பையன் தேறுவான் என்று முன்கூட்டியே சொல்வதுதான் யோனுடைய பிழைப்பு. மதுஷன் எறிவதை வேகம் அளக்கிற கருவியோடு வந்து பலமுறை பார்த்துவிட்டு, பெற்றோரிடம் பேச வேண்டும் என்றார்.

இதைக் கேட்டதும் ஜெகதீஸ்வரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்கியபடி. மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள், அவ்வளவுதான். வீட்டைக் கழுவினாள், வடை சுட்டாள், பட்டுச்சேலை கட்டினாள். "அக்கா, நீங்களும் வாங்கோ. கதைக்கிறதுக்கு" என்றாள்.

"மதுஷனுக்குப் பிரெஞ்சு தெரியாதா?"

"மாப்பிள்ளை தன்னைப் பற்றித் தானே கதைக்கிறதோ? வடிவில்லை, மரியாதையில்லை."

யோன் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். வடையைப் பிய்த்துப் பார்க்காமல் முழுதாகச் சாப்பிட்டார். பிறகு விசாரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், அப்பப்பா! பையன் எந்த வயதில் உயர்ந்தான், எப்படித் தூங்குகிறான், தோற்றால் யாரிடம் கோபப்படுகிறான். மதுஷனின் அப்பா மகேந்திரராசா உணவக அடுப்படியில் வேலை செய்கிறவர், அன்றைக்கு லீவு போட்டிருந்தார். அவரை எழுந்து நிற்கச் சொல்லி, தோளைப் பார்த்தார், உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். சந்தையில் மாடு பிடிக்க வந்தவனும் இப்படித்தான் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் யோன் முழங்கைக்கு வந்தார். என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "இதை அம்மாவுக்குச் சரியாகச் சொல்லுங்கள். எறிகிற பையன்களில் பாதிப் பேருக்கு முழங்கையில் வலி இருக்கும். இருந்தால் அது குற்றமில்லை. எங்களுக்குத் தெரிந்தால் அதற்கேற்றபடி குறைத்து எறிய வைப்போம். தேவைப்பட்டால் அறுவை செய்து ஒரு வருடம் காத்திருப்போம். மார்ச்சில் என் மேலாளர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் ஒப்பந்தம். அதுவரை அவன் செய்ய வேண்டிய பயிற்சியை நான்தான் கொடுப்பேன். நல்ல கைக்கு ஒரு பயிற்சி, வலி உள்ள கைக்கு வேறு பயிற்சி. வலி உண்டா?"

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஜெகதீஸ்வரி மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒருநாளும் ஒரு நோவும் இல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா."

யோன் மதுஷனைப் பார்த்தார். மதுஷன் அம்மாவைப் பார்த்தான். "இல்லை. எப்போதும் இருந்ததில்லை" என்றான் பிரெஞ்சில். யோன் எழுந்து, பையன் தேறுவான் என்று சொல்லி எல்லாருக்கும் கை கொடுத்தார். மகேந்திரராசா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் தேறுவான் என்று ஒரு வெள்ளைக்காரர் வீடு தேடி வந்து சொன்னதில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

யோன் வருவதற்கு முந்திய கோடையிலிருந்தே மதுஷனுக்கு முழங்கையின் உட்பக்கம் வலித்துக்கொண்டிருந்தது. இது அம்மாவுக்கும் மகனுக்கும் மட்டும் தெரியும். அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யோன் போனபிறகு அவன் அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறான். அந்த ஆள் நல்லவர்போலத் தெரிகிறது, சொல்லிவிடலாம் என்றிருக்கிறான். அவள் என்ன சொன்னாள் என்பதை அவள் வாயாலேயே பிறகு கேட்டேன்.

"உன்ரை அக்காவைக் கேட்டு வந்தவையும் இப்பிடித்தானே ராசா இனிக்க இனிக்கக் கதைச்சவை. உண்மையைச் சொன்னாக் காணும் எண்டவை. சொன்னன். பேந்து என்ன நடந்தது? எடுக்கிறவன் பழுது பாக்காமல் எடுப்பானோ? ஒப்பந்தம் கையிலை வரட்டும், பிறகு சொல்லுவம்."

நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் சொன்னதில் எனக்கும் ஓட்டை தெரியவில்லை. மிருணாளினியின் சம்பந்தம் முறிந்ததை நான் கண்ணால் பார்த்தவள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மதுஷன் நல்ல கைக்கான பயிற்சியைச் செய்தான். யோன் இன்னும் வேகமாக எறி என்றால் எறிந்தான். இரவு வீட்டுக்கு வந்ததும் ஜெகதீஸ்வரி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெயைச் சுடவைத்துத் தேய்ப்பாள். மூலிகைப் பத்துப் போட்டுத் துணி சுற்றுவாள். புருஷன் வேலை முடிந்து வருவதற்குள் அவிழ்த்து ஒளித்துவிடுவாள். காலையில் அவன் வலி மாத்திரை விழுங்கிவிட்டுப் போவான். கடையில் அவள் மேல் எண்ணெய் வாடை அடிக்கும். கேட்டால் பதில் என்ன, அதே 'ஒண்டுமில்லை அக்கா'தான்.

அவள் எதற்காக இதைச் செய்தாள் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. காசுக்காக இல்லை, பெருமைக்காகவும் இல்லை. ஒரு பிள்ளையைத் தன் வாயால் கெடுத்துவிட்டோம் என்று நம்பினாள். இன்னொன்றையும் அப்படிக் கெடுத்துவிடக் கூடாது. அவளுக்கு வேறு வேண்டுதலே இருக்கவில்லை.

மார்ச்சில் அந்த நாள் வந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு மைதானம், முகத்தை அறுக்கிற காற்று. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அன்று அவள் அதிகாலையிலேயே எழும்பி மகனுக்குத் திருநீறு பூசி, கண்ணேறு படாமல் இருக்க வலது முழங்கைக்கு மேலே கறுப்புக் கயிறு கட்டி, அதைச் சட்டைக் கைக்குள் மறைத்திருந்தாள். மகேந்திரராசா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு பேர் தொப்பியை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யோன் கருவியோடு வலைக்குப் பின்னால் நின்றார்.

பையன் எறிந்தான். எனக்கு அந்த ஆட்டம் ஒரு மண்ணும் புரியாது, ஆனாலும் அன்றைக்கு எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பந்து பிடிக்கிறவனின் கையுறையில் படீர் படீர் என்று விழுந்தது. இரண்டு பேரில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். யோன் எங்கள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஜெகதீஸ்வரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியளே அக்கா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

அடுத்த பந்தில் சத்தம் கேட்டது. தடித்த துணியை இரண்டு கையாலும் கிழித்தால் வருமே, அந்தச் சத்தம். பந்து எங்கேயோ போய் விழுந்தது. மதுஷன் கத்தவில்லை. வலது கையை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டிலேயே முழங்காலில் உட்கார்ந்தான்.

யோன் ஓடினார். மகேந்திரராசா வேலியைச் சுற்றி ஓடினார். ஜெகதீஸ்வரி மட்டும் ஓடவில்லை. எழுந்து நின்றிருந்த அந்த அமெரிக்கரையே பார்த்துக்கொண்டு என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ அக்கா! ஓடிப்போய்ச் சொல்லுங்கோ, பெடியனுக்கு ஒண்டுமில்லை எண்டு! அவையள் போகப்போகினம்!"

மாதாவே, அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முழங்கையின் உட்பக்கத்தில் எலும்புகளைக் கட்டிவைக்கிற நார் அறுந்துவிட்டது. இது இன்றைக்கு அறுந்ததல்ல, பல மாதமாகக் கிழிந்துகொண்டே வந்திருக்கிறது, கடைசி இழைதான் இன்றைக்குப் போயிருக்கிறது என்றார் டாக்டர். யோனும் அங்கே நின்றார். அவர் மதுஷன் பக்கம் திரும்பி ஒரு கேள்விதான் கேட்டார். எப்போதிலிருந்து? கோடையிலிருந்து என்றான் அவன்.

யோன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலாம். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "கோடையில் அது சின்னக் கிழிசல். வீட்டில் கேட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால் எறிவதை நிறுத்தியிருப்பேன். எங்கள் செலவில் சரிசெய்து ஒரு வருடம் காத்திருந்திருப்போம். இதே மாதிரிக் கையோடு வந்த பையன்கள் இன்றைக்கு அங்கே ஆடுகிறார்கள். அவனைப் பிடித்திருந்தது. வலி இருந்தாலும் எடுத்திருப்பேன். நான் கொடுத்த பயிற்சிதான் இந்தக் கையை முடித்தது, நல்ல கை என்று நினைத்துக் கொடுத்தேன். கை போனதை என் மேலாளர்கள் பொறுப்பார்கள். கேட்டபோது சொல்லாததைப் பொறுக்க மாட்டார்கள். இனி அவன் பெயரை நான் சொன்னால்கூட எடுபடாது."

"என்னவாம்?" என்றாள் ஜெகதீஸ்வரி.

ஊருக்கெல்லாம் வாய் நீண்டவள் நான். அந்த இடத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஒண்ணுமில்லம்மா. அப்புறமாப் பேசலாம்."

மதுஷன் தலையைத் தூக்கினான். அவன் என்னிடம் தமிழில் பேசியதே கிடையாது. "சொல்லுங்கோ அன்ரி. முழுக்கச் சொல்லுங்கோ" என்றான்.

சொன்னேன். யோன் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை, வலி இருந்தாலும் எடுத்திருப்பேன் என்றதையும் சேர்த்துத்தான். மகேந்திரராசா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். தன் வீட்டுக்குள் மாதக்கணக்காக நடந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜெகதீஸ்வரி அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"உண்மை சொன்னன், மகளுக்குப் போச்சுது. பொய் சொன்னன், மகனுக்குப் போச்சுது. அப்ப நான் என்னத்தைத்தான் அக்கா சொல்லியிருக்கோணும்?"

அவளைத் தோளில் பிடித்து உட்கார வைத்தேன்.

கையை அறுத்துத் தைத்தார்கள். அன்றாட வேலைக்குப் போதுமான கைதான். யோன் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. மதுஷன் லா ஷப்பேல் மெத்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் நிற்கிறான். மைதானத்துப் பக்கம் போவதில்லை, ஜெரமி கூப்பிட்டாலும் போவதில்லை. மகேந்திரராசா பெண்சாதியிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். சாப்பாடு இருக்கிறதா என்றுகூட மகன் மூலம்தான் கேட்கிறார்.

ஜெகதீஸ்வரியோ பேச ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் ஓர் அம்மா கல்யாணச் சேலைக்கு ஓரம் அடிக்க வந்தாள். பேச்சுவாக்கில், "உங்கடை மகன் அமெரிக்கா போறார் எண்டு கதைச்சினம், போயிட்டாரோ?" என்றாள். அவ்வளவுதான். கோடையில் வலித்தது, எண்ணெய் தேய்த்தது, யோன் கேட்டது, தான் மறுத்தது, சத்தம் கேட்டது, எல்லாவற்றையும் ஜெகதீஸ்வரி சொன்னாள். "நான் மறைச்சதாலைதான் போச்சுது" என்று முடித்தாள். அந்த அம்மாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சேலையை வைத்துவிட்டுக் குடையை மறந்து ஓடினாள்.

"ஏம்மா ஜெகதா, இப்படி ஊரெல்லாம் பறையடிக்கிற? உன் மகனுக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி வேண்டாமா?" என்று கத்திவிட்டேன். கத்தியபிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

"அண்டைக்கு ஒருத்தர் நல்ல மனசோடை கேட்டவர், நான் சொல்லேல்லை" என்றாள். "இனி ஆர் கேட்டாலும் சொல்லுவன்."

நான் திரும்பினேன். வாசலில் மதுஷன் நின்றிருந்தான், அம்மாவைக் கூட்டிப்போக வந்தவன். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. உள்ளே வந்து, அவளுடைய பையை இடது கையால் எடுத்தான். வெளியே மழை பிடித்திருந்தது. ஈரம் பட்டால் அந்த முழங்கைக்கு ஆகாது.

"கை நோகுதே ராசா?" என்று கேட்டாள்.

"ஓம் அம்மா" என்றான் தமிழில். "நல்லா நோகுது."

அவள் தலையை ஆட்டினாள். அந்த அம்மா மறந்துபோன குடையை எடுத்து அவனுக்கு விரித்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் மெத்ரோவை நோக்கி நடந்தார்கள். நான் விளக்கை அணைத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன்.